அரை மணி நேரப் பிழை

"கால ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது" என்றார் அப்பா பழனியாண்டி.

தங்கவேலு நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் கால் தானாகவே மறுபடி ஆடியது. ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிய ஒற்றை அறை. அங்கே வேலைக்கு இருப்பவன் அவன். புரோகிராம் எழுதியவனும் அவன்தான்.

அப்பாவுக்குப் பக்கத்தில், சேரம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த தெய்வம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் மகள் சின்னம்மையைத்தான் தங்கவேலுவுக்குப் பேசியிருந்தது. இரண்டு குடும்பமும் இலங்கையில் ஒரே தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை.

"அறுபத்து நாலு மார்ச் ஏழு. காலையில ஆறு பத்து" என்றாள் தெய்வம்மா. "வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுக்கு வரச்சொல்லித் தப்பு அடிச்சாங்க, புள்ள அழுதுச்சு. தோட்டத்துல எங்களுக்கு அதான கடிகாரம்?"

மார்ச் ஏழு. தங்கவேலு பிறந்ததும் அதே நாள்தான், நான்கு வருஷம் முந்தி. இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று நினைத்தான். இந்தத் தேதிக் கணக்கெல்லாம் வீட்டில் அம்மாவோடு சரி. அவள் போய் மூன்று வருஷம்.

சின்னம்மை பிறந்த அன்று காலையில்தான் கேட்டை நட்சத்திரம் முடிந்து மூலம் பிறக்கிறது. எத்தனை மணிக்கு என்பதில் சிக்கல். ஒரு பஞ்சாங்கம் ஆறுக்கு முன்பே என்றது. இன்னொன்று ஆறரை என்றது.

"மூலம்னா வேணாம் தங்கச்சி. மாமனாருக்கு ஆகாது. எனக்கு ஏற்கெனவே நெஞ்சுல வலி."

"மிசினே சொல்லட்டும்ணே."

கல்லூரியில் சமன்பாடுகளுக்கு மூலம் கண்டுபிடித்தே பாஸானவன், இன்றைக்கு மூலம் வந்துவிடக் கூடாதே என்று தவித்தான். வழி என்னவோ பழைய வழிதான். ஐந்து மணிக்கு நிலவு கேட்டையில். ஏழு மணிக்கு மூலத்தில். நடுவில் ஆறு மணிக்கு எங்கே என்று பார். எல்லைக்கோடு இல்லாத பாதியைத் தள்ளு. மிச்சத்தை மறுபடி பாதியாக்கு. இடைவெளி ஒரு விநாடிக்குச் சுருங்கும்வரை புரோகிராம் ஓயாது.

ஓடவிட்டான். ஆறு மணி, கேட்டை. ஆறரை, மூலம். ஆறேகால், மூலம். பாதி பாதியாகத் தேய்ந்து கடைசியில் திரையில் வந்து நின்றது: 6.04.

பிள்ளை பிறந்தது ஆறு பத்துக்கு.

"என்னடா சொல்லுது?"

"இன்னும் ஓடுதுப்பா."

திரை அவன் பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பிழை எவ்வளவு இருக்கலாம் என்று எழுதிய வரிக்குப் போனான். ஒரு விநாடியை அழித்தான். அரை மணி என்று போட்டான். இந்தத் தடவை இரண்டே வெட்டு. ஆறுக்கும் ஆறரைக்கும் நட்டநடுவில் கணக்கு நின்றது. பிரிண்டர் கரகரத்தது: 6.15.

பழனியாண்டி தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "அப்ப ஆறு பத்துக்குக் கேட்டை! மூத்தாருக்குத்தான ஆகாது? ஒனக்கு ஏதுடா அண்ணன்?" சிரித்தவருக்கு இருமல் வந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப பேக்கரியில் வர்க்கி வாங்கப் போனார்.

அந்த இருமல் தங்கவேலுவின் காதைவிட்டுப் போகவில்லை. அவன் ஜாதகத்தை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஊர் திரும்பக் கூடலூர் பஸ்ஸில் ஏறப்போன தெய்வம்மாவை ஓடிப்போய் மறித்தான்.

"அத்தை, கணக்க நான் பாதியிலயே நிறுத்திட்டேன். சின்னம்மை மூலந்தான். அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா..."

தெய்வம்மா படியிலேயே நின்றாள். கோபப்படவில்லை.

"நேரம் சத்தியம் தம்பி. தேதிதான்..." குரலைத் தாழ்த்தினாள். "கப்பலேறுறதுக்கு முன்னால பாஸ்போட்டுக்கு எழுதுறப்ப நானும் ஒங்கம்மாவும் ஒரே வரிசையிலதான் நின்னோம். புள்ளைங்க பொறந்த தேதி தெரியாதுன்னோம். கிளாக்கரய்யா செவுத்துல தொங்குன காலண்டரப் பாத்து அன்னிக்குத் தேதியவே எழுதிட்டாரு. வருசத்த மட்டும் ஆளப் பாத்துப் போட்டாரு."

விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்டாள்.

"ஒனக்கும் மார்ச் ஏழுதான தம்பி?"