அழித்த நாற்பத்தொரு ஃபைல்கள்

“அழிச்சது யாருன்னு எனக்கே தெரியும். ஆதாரத்தை மட்டும் தோண்டி எடுத்துக் கொடுங்க சார்” என்றார் மேனேஜர்.

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி அது. கம்ப்யூட்டரில் அழித்ததை மீட்டு, யார், எப்போது என்று கண்டுபிடிப்பது என் தொழில்.

“பன்னிரண்டு மணிக்கு நானே அளவெல்லாம் அடிச்சு ஓகே பண்ணின லேபிளை, சாப்பாட்டு நேரத்துல திறந்து மாத்துறாங்க. நீங்க வர்றீங்கன்னு நேத்து சொன்னேன். உடனே அந்த டிசைனர் பொண்ணு ஒரு ஃபோல்டரையே அழிச்சிட்டா. குட்டு வெளிப்பட்டுடும்னு பயம்!”

பேசிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். நான் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் இது நாலாவது தடவை.

அந்தப் பெண் ஓரமாக நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“லேபிளை மாத்தினது நீங்கதானா?” என்று கேட்டேன்.

“ஆமா சார்.”

“ஃபோல்டரை அழிச்சதும்?”

“ஆமா சார்.”

“அதுல என்ன இருந்தது?”

அவள் மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாயைத் திறக்கிறாளா பாருங்க, அழுத்தக்காரி!” என்ற மேனேஜர், தானே அடித்து வைத்திருந்த வேலைநீக்கக் கடிதத்தை அவள் முன்னால் போட்டார். “படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. நாலு மணிக்கு முதலாளி வர்றார்.”

படித்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடாமல், ஓரிடத்தில் எதையோ அடித்துத் திருத்தி, கடிதத்தைத் திருப்பி வைத்தாள்.

“திமிரைப் பாருங்க சார்! இதுலயும் கை வைக்கிறா!”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் என் தொழிலில் கோபத்துக்கு மதிப்பில்லை. மூல டிஸ்க்கில் விரல் படாமல் முழு நகல் எடுத்தேன், நகலில்தான் தேடினேன். ஃபைலை அழித்தால், புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்த மாதிரி, பேர்தான் போகும். மேலே வேறெதுவும் எழுதாத வரைக்கும் பக்கம் உள்ளேயே கிடக்கும்.

மூன்றரை மணிக்கு நாற்பத்தொரு ஃபைல்களும் திரும்பி வந்தன.

மேனேஜர் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். “ஐயோ! குழந்தை மருந்துல மூணு மில்லிக்குப் பதிலா எட்டு மில்லி! அடிப்பாவி, எந்தக் குழந்தையாவது செத்துத் தொலைஞ்சா?”

“கொஞ்சம் இருங்க சார். இது பன்னிரண்டு மணிக்கு நீங்க ஓகே பண்ணின ஃபைல். ஒண்ணேகாலுக்கு அவங்க மாத்தினது இது.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் மாற்றியதில் மூன்று மில்லிதான் இருந்தது.

நாற்பத்தொன்றும் அதே கதை. அழிந்து போனவை எல்லாம் அவருடைய தப்புகள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“ரெண்டு தடவை சொன்னேன் சார். ‘எனக்கே பாடம் எடுக்கிறியா’ன்னு கத்தினீங்க. இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போங்கன்னு முதலாளி உங்ககிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்தது. கண் ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்தப்ப நான்தான் எடுத்தேன். உங்க ஆபரேஷன் முடியற வரைக்கும் எப்படியாவது சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். நான் ஏதாவது தப்பாத் திருத்திட்டா சரிபார்க்கணுமேன்னு பழசை எடுத்து வச்சிருந்தேன். இவர் வர்றார்னதும் அழிச்சிட்டேன்.”

வாசலில் கார் வந்து நின்றது.

மேனேஜர் கடிதத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். பணியாளர் எண் 38 என்று அவர் அடித்திருந்ததை அவள் 33 என்று திருத்தியிருந்தாள்.

“முப்பத்தெட்டு நம்ம வாட்ச்மேன் சார். பாவம், அவருக்கு வேலை போயிடக் கூடாதேன்னுதான்...”

அவர் பேனாவை எடுத்து அவள் பேரையும் எண்ணையும் கோடு போட்டு அடித்தார். அந்த இடத்தில் தன் பேரை எழுதினார், தன் எண்ணை எழுதினார். எழுந்து நின்று கடிதத்தை அவளிடமே நீட்டினார்.

“முதலாளிகிட்ட கொடுக்கப் போறேன். பிழை இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக் கொடும்மா.”