பச்சைக் கையெழுத்து

"கண்ணாடி வேண்டாம் தம்பி. கழட்டிட்டுக் குடுங்க" என்றார் அந்த அம்மாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண்ணாடி வேண்டாம் என்று சொன்னவர்கள் இதற்கு முன் மூன்று பேர். மூவருமே படத்தை வாங்கிய கையோடு கொளுத்தினார்கள். ஒருவர் வீடு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை, கடை வாசலிலேயே கொளுத்திவிட்டார்.

படம் என்னவோ சாதுவானதுதான். ஒரு ஏரி, ஒரு படகு, கரையில் நாலு மரம். ஆனால் கீழே வலது மூலையில், பச்சை மையில், தளபதியின் கையெழுத்து.

பதினோரு வருடம் நாட்டை ஆட்டிப் படைத்தவர் அந்தத் தளபதி. பெயர்ப் பட்டியலின் அடியில் அந்தப் பச்சைக் கையெழுத்து விழுந்தால், பட்டியலில் இருப்பவர்கள் மறுநாள் விடியலைப் பார்க்க மாட்டார்கள். அவர் செத்து முப்பது வருடம் ஆகியும், பச்சை மைப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஊரில் ஆளில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு நேரத்தில் படம் வரைந்தார் என்பது கடை முதலாளி கட்டிவிட்ட கதை. தளபதி தன் சமையல்காரருக்குக் கொடுத்தார், அவர் மருமகனுக்குக் கொடுத்தார் என்று படம் கைமாறி வந்த வழியை ஒரு சீட்டில் அச்சடித்து, முத்திரை குத்தி, பின் அட்டையில் ஒட்டிவிடுவார். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காகிதத்தைப் பழசாக்குவது, அதில் படம் வரைவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் பிரேம்காரர் வேலை. தன் பெயரையே நாற்பது வயதில்தான் எழுதக் கற்றவர் அவர். அதைவிட அதிகமாக எழுதிப் பழகியது இந்தக் கையெழுத்தைத்தான்.

"கொளுத்தறவங்கதான்யா நமக்கு நல்ல கிராக்கி" என்பார் முதலாளி. "ரசிக்கிறவன் நாளைக்கே ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்து நிப்பான். சாம்பலைப் பாத்துப் போலின்னு எவன் சொல்லுவான்?"

அந்த மூன்று பேரும் காரில் வந்தவர்கள். அவர்களை ஏமாற்றியதே பிரேம்காரருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த அம்மாளின் செருப்பு வார் நூல் போட்டுத் தைத்திருந்தது. எழுபது வயது இருக்கும். மடியில் இருந்த துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடையின் பின்பக்கப் பட்டறையில் இருந்த ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பிரேம்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாகப் பிடுங்கினார். "அந்தாளால உங்க வீட்டுலயும் யாராவது..." என்று இழுத்தார்.

"அந்தக் கையெழுத்தைப் பாத்துப் பாத்தே வளந்தவ நான். அதால எங்க வீட்டுல ஒருத்தரும் உருப்படல."

எத்தனை பேரைப் பறிகொடுத்தாரோ! பிரேம்காரர் அதற்கு மேல் கிளறவில்லை. "இவ்வளவு பணத்துக்கு எங்கம்மா போனீங்க?" என்று பேச்சை மாற்றினார்.

"வீட்டை வித்தாச்சு. ஒத்தைக் கட்டைக்கு ஒரு வாடகை ரூம் போதாதா?"

பிரேம்காரர் குறடை மேஜையில் வைத்தார்.

"என்னய்யா, ஆணிக்கு வலிக்குமேன்னு பாக்கறியா?" என்று முன்கடையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "பில் போட்டாச்சு. அம்மாவை அனுப்பு!"

பணம் இன்னும் பைக்குள்தான் இருந்தது. அந்த அம்மாள் எழுந்து நாலு எட்டு வைத்தால் அது முதலாளி கைக்குப் போய்விடும். பிரேம்காரர் போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா, இதை வாங்காதீங்க."

"ஏன்?"

"இது அந்தாள் வரைஞ்சதில்ல. நான் வரைஞ்சது. கையெழுத்தும் நான் போட்டதுதான். நீங்க கொளுத்தினா என் ஏரிதான் எரியும். அந்தாளுக்கு ஒரு மயிரும் பொசுங்காது."

அந்த அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலீஸுக்குப் போனாலும் சரி, இங்கயே செருப்பால அடிச்சாலும் சரி. கொளுத்தணும்னு வந்த மூணு பேரை ஏமாத்திட்டேன். நாலாவதா உங்களை... முடியலம்மா." பிரேம்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "வாங்கினவன்கிட்ட போய் அந்த வீட்டைத் திருப்பிக் கேளுங்க. காலைப் புடிக்கணும்னா நான் வந்து புடிக்கறேன்."

"கொளுத்தப் போறேன்னு யாரு சொன்னா?"

"கண்ணாடி வேண்டாம்னீங்களே!"

"கையால தொட்டுப் பாக்கணும். அதுக்குத்தான்." சொன்னபடியே விரலை நீட்டி அந்தப் பச்சைக் கோட்டின் மேல் மெல்ல ஓட்டினார். "வளைவெல்லாம் அச்சு அசலா இருக்கு. கெட்டிக்காரர்தான் நீங்க."

"போலிம்மா அது! எத்தனை தடவை சொல்றது?"

"உள்ள நுழைஞ்சதுமே தெரியும். அவருக்கு ஒழுங்காப் பென்சில் சீவக்கூட வராது."

அந்த அம்மாள் படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, சாத்திய கதவைத் தானே திறந்தார்.

"அப்புறம் எதுக்கும்மா... இருந்த வீட்டை வித்து..."

"எங்கப்பா பேரு போட்ட காகிதத்துல, யாரும் சாகாதது இது ஒண்ணுதான் தம்பி."