வேண்டாம் வீடு

“ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்க மவளுக்கு ஒரு கேடும் இல்ல. எந்திரிச்சுப் போங்க சிஸ்டர்” என்றார் ததேயுஸ்.

போகச் சொன்ன அவரேதான் நாற்காலியை இழுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டுக் கொடுத்தார். சுகாதார செவிலியர் பிந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வருவது இது மூன்றாவது முறை. கடற்கரைத் தெரு பட்டியலில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. பாக்கி ஒரே பெயர், பெபிஷா.

“நாளைக்கு பெபிஷாவுக்கு பதினஞ்சு வயசு ஆயிரும் அண்ணா. அதுக்குப் பொறவு இந்த முகாம்ல போட மாட்டாவ. இன்னைக்கு ஒரு கையெழுத்து போடுங்க. பிள்ளைய நானே கூட்டிட்டுப் போயி பத்திரமா கொண்டு விடுதேன்.”

“கர்ப்பப்பையில புத்துநோய் வாறது கல்யாணம் ஆன பொம்பளையளுக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு என்னத்துக்கு ஊசி?”

“அந்தப் புத்துநோயக் கொண்டுவாற வைரஸ் ஒண்ணு உண்டு, அது உடம்புக்குள்ள வாறதுக்கு முந்தியே போட்டாத்தானே அது தடுப்பூசி? வந்த பொறவு போட்டு என்ன பிரயோஜனம்?”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி கிரேசி தேநீருடன் வந்தாள். தேநீரை மரியாதையாகக் கொடுத்துவிட்டு, மரியாதையில்லாமல் ஆரம்பித்தாள்.

“நாளைக்கு ஒரு சம்மந்தம் பேச வந்தா, இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஊசி போட்டிருக்காவளாம்னு ஊரு பேசாதா? பிள்ள பெறாதுன்னு வாட்ஸ்அப்பில வேற வருது.”

“அது பச்சப் பொய் அக்கா.”

“பொய்யோ நெசமோ, வேண்டாம்னா வேண்டாம். கேட்டியளா, நீங்க கையெழுத்து கிய்யெழுத்து போட்டிராதிய!”

“ஏட்டி, நான் எதுக்குப் போடுதேன்? நீ போடாம இருந்தாப் போதும்!”

அந்த வீடே அப்படித்தான். ததேயுஸ் ராஜாக்கமங்கலம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து கேரளாவுக்கு வண்டி ஏற்றுகிறவர். கிரேசி அதே கரையில் மீன் எடுத்து வடசேரி சந்தையில் விற்கிறவள். ஆசையை முதலில் காட்டியவன் கெட்டான் என்பதுதான் இருவரும் படித்த படிப்பு. நெய்மீன் குவியலைக் கண்டு நாக்கில் எச்சில் ஊறும், வாய் மட்டும், “இத யாரு திம்பா?” என்று கேட்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் வாங்க இருவருக்கும் கொள்ளை ஆசை. மற்றவர் முதலில் சொல்லட்டும் என்று மாறி மாறி ‘வேண்டாம்’ சொன்னதில் இரண்டு கோடை போனது.

பிந்துவுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அடுத்த தெருவில் இதே புற்றுநோயில் நாற்பது வயதில் செத்துப்போன ஒருத்தியை. நோய் முற்றிய பிறகுதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிந்துதான்.

“அந்த அக்காவுக்க சின்ன மவ இப்பமும் என்னைக் கண்டா, ‘அம்மைய எங்க விட்டிய’ன்னு கேக்குது. என்னால இன்னொரு வீட்டில அதக் கேக்க முடியாது அண்ணா.”

ததேயுஸ் கிரேசியைப் பார்த்தார். கிரேசி ததேயுஸைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றார்கள் இருவரும் ஒன்றாக. சத்தம் மட்டும் குறைந்திருந்தது.

உள் அறையில் பெபிஷா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இவ்வளவு பேச்சும் தன்னைப் பற்றித்தான் என்ற கவலையே இல்லாத பிள்ளை! பிந்துவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

கேட்டைப் பூட்டுகிற சாக்கில் ததேயுஸ் பின்னாலேயே வந்தார். தென்னைக்கு மறைவில் வந்ததும் அவர் குரல் பாதியாக இறங்கியது.

“சிஸ்டர், அழாதிய. பிள்ளைக்கு பிப்ரவரியிலேயே ஊசி போட்டாச்சி.”

பிந்து திகைத்து நின்றாள். “பொறவு எதுக்கு இவ்வளவு சத்தம்?”

“கிரேசிக்கு இது துப்புரவா பிடிக்காது, நீங்களே பாத்தியல்லா? பிள்ளதான் எனக்கிட்ட வந்து ஒரே அழுகை. ‘அம்மா சம்மதிக்க மாட்டா, நீங்க கொண்டுபோங்கப்பா’ன்னு. நாகர்கோயில்ல ஒரு லேடி டாக்டர்கிட்ட கொண்டுபோனேன்.”

“டாக்டர் என்ன சொன்னாவ?”

“எனக்கு எப்படித் தெரியும்? உள்ள பூரா வயித்துப்பிள்ளக்காரிய. ஆம்பளைக்கு அங்க என்ன வேல? நான் ரோட்டில நின்னேன். பெபிஷா ஒரு அட்டைய வெளிய கொண்டுவந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனா.”

அங்கே நின்ற தன் ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கி, மீன் வாசனையடித்த பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்தார்.

“பிள்ள பத்திரமா வைக்கச் சொன்னா. கண்ணாடி இல்லாம எனக்கு வாசிக்க முடியாது. நீங்க பாத்து உங்க புக்குல பதிஞ்சுக்கிடுங்க.”

உள்ளேயிருந்து கிரேசியின் குரல் பாய்ந்து வந்தது. “கேட்டியளா! அங்க என்ன பேச்சு? அந்த சிஸ்டர் சொல்லுதத நம்பி மயங்கிராதிய!”

ததேயுஸ் நடுங்கிப்போனார். “பாத்தியளா? தெரிஞ்சா என்னைய உப்புல போட்டிருவா. சொல்லிராதிய சிஸ்டர்.”

“சொல்ல மாட்டேன் அண்ணா” என்றபடி பிந்து அட்டையை விரித்தாள். பிப்ரவரி பதிமூன்று, ததேயுஸின் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அது ‘இரண்டாம் தவணை’ என்ற கட்டத்தில் இருந்தது.

அதற்கு மேலே, ‘முதல் தவணை, ஆகஸ்ட் பன்னிரண்டு, உடன் வந்தவர்: தாய்’ என்பதற்கு நேரே கோணல் எழுத்தில் ‘கிரேசி’ என்று கையெழுத்திட்டிருந்தது. பிந்து நிமிர்ந்து பார்த்தபோது, ஜன்னலில் நின்ற பெபிஷா உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.