யுரேனியம் தொட்ட கை

மகள் காதலிப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்திருந்த பையன், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க வேலை, தம்பி?" என்றார் அப்பா.

"அணுமின் நிலையத்துல, சார்."

அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. "யுரேனியத்தோட மல்லுக்கட்டுற ஆளுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்!"

"ஐயோ சார், நான் கேன்டீன் மேனேஜர். உலைப் பக்கமே போனதில்ல."

"அங்க அடிக்கிற காத்தே போதும்!"

மகள் குறுக்கிட்டாள். "அப்பா, யுரேனியத்துல 235ங்கிற ஐசோடோப்தான் எரிபொருள். அது உலைக்குள்ள போய்ப் பிளந்த பிறகுதான் பெரிய ஆபத்து. புதுசா வர்றதைக் கையுறை போட்டுக்கிட்டுத் தாராளமாத் தொடலாம்."

"பெரிய இவ மாதிரி பேசாதே. நீ தொட்டுப் பாத்தியா?"

"தினமும் தொடறேன். அதைச் சோதிச்சு உலைக்கு அனுப்புறதே நான்தான்."

"மின்சாரக் கம்பெனின்னு சொன்னியே!"

"அங்கயும் மின்சாரம்தானேப்பா தயாரிக்கிறோம்?"

அப்பா பையன் பக்கம் திரும்பினார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"எங்க அம்மாவும் உங்களை மாதிரிதான் சார். யுரேனியம் தொடுற பொண்ணு நம்ம வீட்டுக்கு வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

அப்பா விருட்டென்று எழுந்தார்.

"என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்? உங்க அம்மா நம்பரைக் குடுங்க, மாப்பிள்ளை!"