மூன்று நாள் கோடுகள்

என் கையாலேயே எண்ண வைத்திருக்கிறாரே. தவமணியின் மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்க்கும் கணவருக்கு உதவி என்றுதான், தன் தையல் கடையில் இருந்தபடி மூன்று நாள் வாசல் சாலையில் போன வண்டிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு கோடாகத் தாளில் போட்டு எண்ணினாள். பால் வண்டி, கரும்பு டிராக்டர் எதையும் விடவில்லை. அந்த எண்ணிக்கையை வைத்து அவர் அந்த ஊர்ச்சாலையை மாவட்டச் சாலையாக உயர்த்தி எழுதிவிட்டார். அகலப்படுத்தினால் கடை முழுவதும் போய்விடும்.

“கடை போயிடும்னு அப்பவே தெரியுமா?”

“தெரியும். சொல்லியிருந்தா நீ ஒழுங்கா எண்ணியிருப்பியா?” அவர் சிரித்துக்கொண்டே, சாலைக்கு இடம் கொடுக்கும் சம்மதப் படிவத்தை நீட்டினார். “கையெழுத்து போடும்மா. என் பொண்டாட்டியே போடலைன்னா ஊர்ல எவன் போடுவான்?”

தவமணி அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“நான் போடலைங்க” என்று சொல்லிவிட்டு, பாதி தைத்த ரவிக்கையை ஊசிக்கு அடியில் நகர்த்தினாள்.