வலி உண்டா, இல்லையா

நாவலூர் அலுவலகத்தில் ஏசி உறுமுகிறது. சின்மயியின் திரையில் ஒரு பெண் குரங்கு. மாதவிடாயில் கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் பற்றிய ஆய்வுக்காக அதற்கு அந்த நோயை உண்டாக்கியிருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்து வலி உண்டா, இல்லையா, இருந்தால் எவ்வளவு என்று குறிப்பது அவள் வேலை. கூண்டு மூலையில், முழங்கால்களை வயிற்றோடு அணைத்து, நெற்றியைக் கம்பியில் சாய்த்து அது உட்கார்ந்திருக்கிறது. சின்மயி வீடியோவை நிறுத்துகிறாள். அதே நோயோடு மாதாமாதம் குளியலறை மூலையில், குழாயில் நெற்றி வைத்து, அவள் உட்காருவதும் இப்படித்தான். டீம் லீட் கிரீஷ் பின்னால் வந்து நிற்கிறார். காலையில் அவள் வலிக்காக லீவு கேட்டபோது, “எல்லா லேடீஸுக்கும் வர்றதுதானே” என்றவர். இப்போது திரையைப் பார்த்து முகம் வாடுகிறார். “பாவம், உக்காந்திருக்கறதைப் பாத்தாலே தெரியுதே. சிவியர்னு போடுங்க.” நாற்காலியில் முழங்கால்களை வயிற்றோடு அணைத்தபடி சின்மயி அவரை அண்ணாந்து பார்க்கிறாள்.