ஃபோர்மேனும் வசவும்

கொரியாவில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வைக்கும் இருளப்பனுக்கு இருந்த ஒரே சுகம், பாக் என்ற கொரிய ஃபோர்மேனை மூஞ்சிக்கு நேராகத் தமிழில் திட்டுவதுதான். “வாடா, கழுதைக்குப் பொறந்தவனே” என்று பல் தெரியச் சிரித்துக் குனிந்து வணங்குவான். பாக்கும் சிரித்துக்கொண்டே கொரிய மொழியில் ஏதோ வாழ்த்துவார். அந்தக் குளிர்ச்சியில் இருளப்பனுக்கு நாள் முழுக்க நெருப்பு சுடாது.

அதிலும் மண் விழுந்தது. எல்லார் காதிலும் மொழிபெயர்ப்பு மெஷினை மாட்டிவிட்டது கம்பெனி.

மறுநாள் இருளப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு குனிந்தான். பாக்குக்குத்தான் பழக்கதோஷம், வழக்கம்போல் வாழ்த்திவிட்டார். இருளப்பன் காதில் ஒரு பெண்குரல் தேனாகச் சொன்னது: “வருக வருக, பன்றி ஈன்ற மகனே.”

காதில் மெஷின் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வர, பாக்கின் முகம் வெளுத்தது.

“அடப்பாவி, இத்தனை வருசமா இதைத்தான் சொன்னியா?” என்றான் இருளப்பன்.

“அப்ப நீ?” என்றார் பாக்.

“நானும்தான்யா.”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும்தான் இருவருக்கும் உறைத்தது. இனி எப்படித் திட்டுவது?

இப்போதெல்லாம் டீ நேரத்தில் இருவரும் கிரேனுக்குப் பின்னால் போய், மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் வாயாரத் திட்டிவிட்டு வருகிறார்கள். நேற்று மட்டும் இருளப்பன் வாய் தவறி, “சாப்ட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டான். நல்லவேளை, பாக்குக்குப் புரியவில்லை.